ஆங்கில ‘புட்’ (put) படுத்தும் பாடு: கேள்வி பதில்

கேள்வி: புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. அப்படியானால் ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’?

வாடை பிடிக்காமல் மனம் விலகிவிட்டது என்று பொருள். பின்னால் வருவது கூட்டமா, பயணமா, ஆளா என்று பாருங்கள். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம், ஆள் வந்தால் முகம் சுளிக்க வைப்பது, அல்லது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது. இந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு.

கேள்வி: புட் ஆன், வேர் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘ஹி இஸ் புட்டிங் ஆன் அ ஷர்ட்’ என்றால் இப்போதுதான் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறார். மாட்டி முடித்தபின் ‘வேரிங்’. உடம்பு போடுவதும் ‘புட் ஆன் வெயிட்’தான், நம் ‘போடு’வும் அங்கே சரியாக வந்து உட்காருகிறது.

கேள்வி: மொத்தப் பட்டியல் பிடிஎஃப்பாகக் கிடைக்குமா?

என்னிடம் இல்லை. பட்டியலை மனப்பாடம் செய்தால் வாக்கியம் வராது.

கேள்வி: உங்கள் விதிப்படி ‘புட் இட் அப் வித்’ என்று வருமா?

வராது. பொறுத்துக்கொள்வது என்ற பொருளில் ‘புட் அப் வித்’ பிரியவே பிரியாது. ‘ஐ கான்ட் புட் அப் வித் இட்.’

கேள்வி: ‘சம்திங் ஐ கான்ட் புட் அப் வித்’ என்று முடிக்கலாமா? கடைசியில் ப்ரெபொசிஷன் (‘வித்’, ‘இன்’ போன்ற சொல்) வரக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தாராளமாக முடிக்கலாம். 1672-இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்றில் இதைக் குறையாகச் சொன்னார். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். லத்தீனில் ப்ரெபொசிஷன் அப்படித் தனியே கடைசியில் நிற்காது. ஆங்கிலத்தில் நிற்கும், எப்போதுமே நின்றிருக்கிறது. சட்டத்தைக் காப்பாற்றப் போனால் ‘அப் வித் விச் ஐ வில் நாட் புட்’ என்று எழுத வேண்டும். கேலிக்காகவே பிறந்த வாக்கியம் அது. சர்ச்சில் தலையில் கட்டுவார்கள், ஆதாரம் கிடையாது.

கேள்வி: அலுவலகக் கடிதத்திலுமா? ‘வித் விச்’ என்பதுதானே மரியாதை?

‘வித்’தை முன்னால் கொண்டுபோகலாம், சில இடங்களில் அழகாகவும் இருக்கும். ‘தி மீட்டிங் வாஸ் புட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ எங்கே போகும்? அது ப்ரெபொசிஷனே இல்லை, வினையின் பாதி. கடிதத்தில் உறுத்தினால் ‘போஸ்ட்போன்’ போடுங்கள், சண்டை தீர்ந்தது.

கேள்வி: புட் டவுன்?

கீழே வைப்பது, மட்டம் தட்டுவது, கலவரத்தை அடக்குவது. மடியிலிருந்த நாயை இறக்கிவிட்டு ‘ஐ புட் மை டாக் டவுன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்ததாக நினைத்து அனுதாபம் சொல்வார்கள்.

கேள்வி: புட் அவுட்?

தீயை அணைப்பது.

கேள்வி: போனில் இணைப்புக் கேட்க ‘ப்ளீஸ் புட் த்ரூ மீ’ சரியா?

‘புட் மீ த்ரூ’. ‘இட்’டுக்குச் சொன்னதுதான் ‘மீ’க்கும்.

கேள்வி: பிடிஎஃப்...

மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்.