இலங்கையில் பழைய தலைநகரங்களையும் புத்த விகாரைகளையும் பார்க்கக் கைடு வைத்துக்கொள்வது அவசியமா?

கேட்டவர் அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி மூன்றையும் குறிப்பிட்டு, பேக்கேஜில் வரும் கைடு போதுமா என்றும் கேட்டிருந்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் பேக்கேஜில் போய்வந்த கடலூர்க்காரன் நான். என் பதில்: முதல் இரண்டு ஊர்களுக்கும் கட்டாயம் ஆள் வேண்டும். கண்டிக்கு வேண்டாம். பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஆள் போதவே போதாது.

நாங்கள் புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் பதிவு செய்தோம். பத்தொன்பது பேர், ஒரு ஏசி வேன். கூட வந்தவர் நல்ல மனிதர், குறை சொல்ல மனசு வரவில்லை. இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு வெந்நீர் வாங்கி வந்து கொடுத்தவர். ஆனால் அவருக்கு அத்துப்படியான விஷயம் இரண்டுதான்: எந்த ஓட்டலில் இட்லி கிடைக்கும், எந்தக் கடையில் கமிஷன் கிடைக்கும். மாத்தளைப் பக்கம் ஒரு மசாலாப் பயிர்த் தோட்டத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். முட்டிவலித் தைலம், முடி வளர எண்ணெய் எல்லாம் முதுகில் தேய்த்தே காட்டினார்கள். அநுராதபுரத்துக்கு ஒதுக்கியது இரண்டு மணி நேரம். 1,300 வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊருக்கு!

ஜேதவனாராமத்தின் முன்னால் வேனை நிறுத்தி, "பெரிய ஸ்தூபி, எல்லாரும் போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டோம். ஊருக்கு வந்து படித்த பிறகுதான் வயிறு எரிந்தது. மகாசேனன் என்ற அரசன் 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம் அது. முழு உயரத்தில் 122 மீட்டர், அதாவது 400 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடிதான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எகிப்தில் கீசாவின் பெரிய பிரமிடுகள் இரண்டை விட்டால் அன்றைய உலகில் அதைவிட உயரமாக எதுவும் இல்லை. இன்றைக்குத் தேய்ந்து 71 மீட்டர். உள்ளே இருப்பது சுமார் 9 கோடிச் செங்கல். இதெல்லாம் தெரியாமல் அதன் முன்னால் நின்று நான் என் முகத்தைத்தான் படம் எடுத்திருக்கிறேன்.

அங்கே நான் கேட்ட ஒரே கேள்வி, எல்லாளன் சமாதி எங்கே என்பது. "அது நம்ம லிஸ்ட்ல இல்லை சார்" என்றார். சோழ நாட்டிலிருந்து வந்து 44 வருஷம் அங்கே ஆண்டவன் எல்லாளன் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். நியாயம் கேட்பவர்கள் இழுக்க மணி கட்டித் தொங்கவிட்டான். தேரை ஏற்றிக் கன்றைக் கொன்ற மகனை அதே தேர்ச்சக்கரத்தால் கொன்றான் என்றும் சொல்கிறது. நாம் திருவாரூரில் கல்தேரைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையேதான். பாலி மொழியில் எழுதிய புத்த பிக்குகளும் அவனைப் பற்றி அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவனைப் போரில் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவே அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று கட்டளையிட்டானாம். அந்தச் சமாதி இதுதான் என்று நெடுங்காலம் காட்டிவந்த மேட்டை இப்போது தக்கிண தூபி என்கிறார்கள். இவ்வளவையும் ஊரில் வந்து நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். "அப்போ நாம அந்தப் பக்கமா வேன்ல பாட்டுப் போட்டுக்கிட்டா போனோம்?" என்று கேட்டார். ஆமாம், போட்டுக்கொண்டுதான் போனோம்.

அந்தக் கடுப்பில் பொலன்னறுவையில் நாங்கள் இரண்டு பேரும், கூட வந்த நெய்வேலித் தம்பதியும் குழுவை விட்டுக் கழன்றுகொண்டோம். அருங்காட்சியகத்துப் பக்கம், சுற்றுலாத் துறை அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒருவரைப் பிடித்தோம். பக்கத்து ஊரான கதுறுவெலக்காரர், முஸ்லிம், வீட்டில் தமிழ்தான். எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றால் தெரியாது என்று நினைத்து, "கங்கைகொண்ட சோழபுரம் இருக்கே, சிதம்பரம் தாண்டி, அந்தப் பக்கம்" என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. "அப்போ இந்த ஊரத் தலைநகரா ஆக்கினதே உங்கட ஆக்கள்தான், வாங்க" என்றார்.

வாய்ச்சொல்லுக்குச் சொல்லவில்லை அவர். 1017இல் ராஜேந்திர சோழன் படை சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்த பிறகு அநுராதபுரத்தின் கதை முடிந்தது. சோழர்கள் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து அங்கிருந்து ஆண்டார்கள். 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டிவிட்டு, ஊரை மட்டும் வைத்துக்கொண்டான். சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில் இன்னும் முழுசாக நிற்கிறது. பலகையில் இரண்டாம் சிவாலயம் என்று எண்தான் இருக்கும். ராஜேந்திரனின் தாய் பெயரில் அமைந்த சின்னக் கற்றளி; பழைய நெல்லிக்குப்பம் பாதையில் ஒரு கிராமத்தில் இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்து, "ம" ஒன்று, "ப" ஒன்று என்று இரண்டைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு தமிழ்க் கல்வெட்டு, அதைவிட எனக்கு ஆச்சரியம், தலதா முற்றம் என்ற கோயில் வளாகத்தில் அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் பலகைக்கல். புத்தரின் பல் வைத்திருந்த ஆலயத்தைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் 12ஆம் நூற்றாண்டில் உறுதி கொடுத்து வெட்டியது. கைடு இல்லாமல் போனால் அதைத் தாண்டிப் போய் வட்டமான ஸ்தூபி மண்டபமான வட்டதாகேயைப் படம் எடுப்பீர்கள்.

வட்டதாகே வாசலிலும் அவர் எங்களை நிறுத்தினார். "கீழ பாருங்க." அரைவட்டமாக ஒரு வாசல்கல், சந்திரவட்டக்கல் என்கிறார்கள். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானை, குதிரை, சிங்கம், காளை நான்கும் வரிசையாகச் சுற்றி வரும். பொலன்னறுவைக் கல்லில் காளையைக் காணோம். சோழர் காலத்துக்குப் பிறகு சைவப் பழக்கம் ஊறிவிட்டது, நந்தியை எப்படிக் காலால் மிதிப்பது என்று எடுத்துவிட்டார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். நான் முந்தைய நாள் எடுத்த படத்தை போனில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உண்மைதான். அன்றைக்குக் காளையை மிதித்துக்கொண்டு நிற்கும் என் செருப்பில்லாத கால்களும் அதில் விழுந்திருந்தன.

கல் விகாரையில் அவர் அதிகம் பேசவில்லை. நல்ல கைடுக்கு அது அடையாளம். ஒரே பாறையில் நான்கு சிலைகள், 12ஆம் நூற்றாண்டு அரசன் முதலாம் பராக்கிரமபாகு காலம். படுத்திருக்கும் புத்தர் 14 மீட்டர். எங்களைக் கால்மாட்டுக்கு அழைத்துப்போய், மேல் பாதம் கீழ்ப் பாதத்தைவிடச் சற்றே பின்னால் இழுத்திருப்பதைக் காட்டினார். பாதங்கள் நேராக இருந்தால் ஓய்வு, இப்படி விலகியிருந்தால் பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு. தலையணையில் தலை அழுந்திய குழிவைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறான் சிற்பி. பிறகு நிழலில் போய் நின்றுகொண்டார், நாங்கள் அரைமணி நேரம் சும்மா பார்த்தோம்.

கூலியை முதலிலேயே பேசி, எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடைக்குப் போக மாட்டோம் என்பதையும் சேர்த்து. சீட்டு வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டினால் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய (சார்க்) நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பேக்கேஜில் அந்தச் சலுகையை உங்களுக்குக் கொடுத்தார்களா என்று ரசீதைப் பார்க்கத் தயங்காதீர்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுத்தால் காவலர் கடிந்துகொள்வார். விகாரை, ஸ்தூபி என்று புனித இடங்களில் எல்லாம் செருப்பைக் கழற்ற வேண்டும், பதினோரு மணிக்கு மேல் அந்தக் கல் தோசைக்கல். வெள்ளைக்காரர்கள் விவரமாகச் சாக்ஸ் போட்டு வருகிறார்கள், நீங்களும் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

கண்டிக்கு ஏன் வேண்டாம் என்றால், அங்கே இருப்பது இடிபாடு இல்லை, கோயில். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையில் மாலைப் பூசைக்கு மேளம் முழங்க, கையில் பூவோடு வெள்ளை உடுத்தியவர்கள் வரிசையில் நகர்கிறார்கள். நீங்களும் பூ வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் நில்லுங்கள், அவ்வளவுதான். எங்கள் பேக்கேஜ் ஆள் அங்கே மட்டும் ஓயாமல் பேசினார், அம்மாவே "தம்பி, கொஞ்சம் சும்மா இருப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி என்றால் நம் கண்ணகி. அம்மா தலதா மாளிகையில் நின்றதைவிட அங்கே நின்ற நேரம் அதிகம்.

மாளிகை வாசலில் எண்கோண மண்டபத்தையும், எதிரே உள்ள ஏரியையும் கட்டியவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வழி, இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர்கள் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். சமாதி வேலூரில் பாலாற்றுப் பக்கம் இருக்கிறது. தையில் காட்பாடியில் எங்களுக்கு ஒரு கல்யாணம். அம்மா இப்போதே டிரைவருக்குப் போன் போட்டு, முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்ப வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.