ஓட்டத்துக்குப் பின் வரும் வலியும் மஞ்சள் மாத்திரையும்

கேள்வி: எனக்கு 41 வயது. அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓடினால், அடுத்த இரண்டு நாட்களுக்கு மாடிப்படி இறங்கவே முடியாதபடி தொடை வலிக்கிறது. உடன் ஓடும் தோழி, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையைத் தினமும் போடச் சொல்கிறார். அம்மாவோ மஞ்சள் பாலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: படி இறங்கும்போது வலி அதிகம் என்பதிலேயே காரணம் தெரிகிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. படி இறங்கும்போதும் அதற்கு இதே வேலைதான். பழக்கத்துக்கு மீறிய தூரம் ஓடினால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றை அப்புறப்படுத்திச் சீர்செய்ய வெள்ளணுக்கள் அங்கே திரள்வதையே அழற்சி என்கிறோம். இந்த வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும். அடுத்த முறை அதே தூரம் குறைவாக வலிப்பதற்கும் இந்தச் சீரமைப்பே காரணம் என்பதால், பயிற்சிக் காலம் முழுவதும் அதை, அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் மாத்திரையால் அடக்கிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சள்தூளின் எடையில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் கிடைப்பது சுமார் 90 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு. அம்மா தரும் பாலை மகிழ்ச்சியாகக் குடியுங்கள், ஆனால் தொடை வலிக்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம்.

மாத்திரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குர்குமின் தனியாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது உடலில் சேரும் அளவு 20 மடங்கானது. பல மாத்திரைகளில் மிளகுச்சாறு சேர்க்கப்படுவது இதனால்தான். ஆனால் அதே பைப்பரின் வேறு மருந்துகள் உடலில் சிதைவதையும் தடுக்கிறது. குர்குமினும் அதிக அளவில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வலிப்புக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. பலன் என்று பார்த்தால், சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலி ஓரளவு குறைந்திருக்கிறது, அவ்வளவே.

பந்தய வாரத்தின் நிலை வேறு. அப்போது தசையைப் பழக்குவது நோக்கமல்ல, சீக்கிரம் தேறுவதுதான் நோக்கம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் ஒரு பகுதியினர் புளிப்புச் செர்ரிச் சாற்றைப் பந்தயத்துக்கு முந்தைய 5 நாட்களும், அன்றும், அடுத்த 2 நாட்களும் குடித்தனர். அவர்களுடைய தசைவலு மற்றவர்களைவிட விரைவாகத் திரும்பியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், தினமும் மாத்திரை போடுவதைவிட இந்த முறை எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இப்போதைக்கு வாராந்தரத் தூரத்தைச் சற்று மெதுவாகக் கூட்டுங்கள். உங்கள் வலிக்கு அதுவே முதல் மருந்து.

கேள்வி: ஓடுவதற்கு முன்பே ஐபுப்ரூஃபன் என்ற வலிநிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். கலிஃபோர்னியாவில் நடக்கும் 160 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் ஆராய்ந்தபோது, அந்த மாத்திரை போட்டவர்களுக்கு வலி குறையவில்லை. ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள்தாம் கூடியிருந்தன. வியர்த்து நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். ஓடிய பிறகு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.