மைஎஸ்கியூஎல் 5.7ஐ 8.0 ஆக்கினேன், சேர்வர் எழும்பவில்லை. திரும்ப 5.7 போட்டுவிடலாமா?

போடாதீர்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு ஒரு தடவை டேட்டா கோப்புறையைத் தன் அமைப்புக்கு மாற்றிவிட்டால் 5.7ஆல் அதை வாசிக்கவே முடியாது. திரும்பி வர ஒரே வழி, அப்கிரேடுக்கு முன் எடுத்த பிரதிதான். இப்போது கோப்புறை எந்த நிலையில் கிடக்கிறதோ, அதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிட்டு, சேர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் எரர் லொக்கைத் திறவுங்கள். விண்டோஸ் என்றால் அது டேட்டா கோப்புறைக்குள்ளேயே, கணினியின் பெயரில் இருக்கும்.

நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். கடை பூட்டியிருந்த ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் இதே வேலையைத் தொடங்கி, இதே இடத்தில்தான் நின்றேன். லொக்கில் கிடந்தது ஒற்றை வரி: 'குவெரி கேஷ் சைஸ்' என்ற மாறி தெரியாது என்று. 8.0இல், தேடல்களின் விடைகளை நினைவில் வைத்திருந்த குவெரி கேஷ் என்பதையே தூக்கிவிட்டார்கள். சேர்வரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கொன்ஃபிக் கோப்பில் அந்த வரியை வருடங்களுக்கு முன் எழுதியவன் நானேதான்! அதை நீக்கினால் அடுத்தது 'இன்னோடிபி லார்ஜ் பிரிஃபிக்ஸ்', அதற்கடுத்தது எஸ்கியூஎல் மோட் என்ற அமைப்பில் இருந்த 'நோ ஓட்டோ கிரியேட் யூசர்'. ஒரு தடவைக்கு ஒரு பிழையைத்தான் சொல்லும், சலிக்காமல் ஒவ்வொன்றாக நீக்குங்கள். மைஎஸ்கியூஎல் ஷெல் என்ற துணைக் கருவியில் உள்ள அப்கிரேட் செக்கரை 5.7 ஓடும்போதே ஓட்டியிருந்தால் இவற்றில் பலதை முன்கூட்டியே காட்டியிருக்கும். நானும் ஓட்டவில்லை.

லொக்கில் ரீடூ லொக் (டேட்டா மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பு), கிராஷ் என்று ஏதாவது தெரிந்தால் கதை வேறு. கறண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, 5.7 பாதியில் செத்திருந்தால் 8.0 அந்தக் கோப்புறையை ஏற்காது. அப்கிரேடுக்கு முன் எடுத்த பிரதியை 5.7இல் எழுப்பி, ஒழுங்காக நிறுத்தி, பிறகுதான் அப்கிரேட்.

சேர்வர் எழும்பிய பிறகு பழைய பிஎச்பி (மென்பொருள் எழுதும் மொழி) உள்ளே நுழைய முடியவில்லை என்று கத்தலாம். 8.0இன் புதிய கடவுச்சொல் முறை அதற்குத் தெரியாது. கொன்ஃபிக்கில் இயல்பு முறையை 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' ஆக்கினால் இப்போதைக்குச் சரி.

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது அதற்குப் பிறகு வந்தது. வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வரிவரியாய் நின்றன. டேட்டா கெட்டுவிடவில்லை. 5.7இன் இயல்பு எழுத்துத்தொகுதி (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) லத்தீன்1; அதில் தமிழ் இல்லை. எங்கள் மென்பொருள், தமிழையும் எழுதக்கூடிய யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை லத்தீன் என்று பொய் சொல்லிப் போட்டது, அதே பொய்யோடு எடுத்தது, அதனால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. 8.0இன் இயல்பு யூடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யூடிஎஃப்-8. இணைப்பு அதற்கு மாறியதும் சேர்வர் 'மொழிபெயர்க்க'த் தொடங்கிவிட்டது. தமிழ் எழுத்துகளும் துணைக்குறிகளும் ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்த 'ஏ' திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

உடனடி நிவாரணம், கொன்ஃபிக்கில் சேர்வரின் எழுத்துத்தொகுதியை மறுபடி லத்தீன்1 ஆக்குவது. நிரந்தரத் தீர்வுக்கு, நெடுவரிசையை முதலில் பைனரி (வெறும் பைட்டுகள்) வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்கவேண்டும். 'கன்வர்ட் டு' என்று நேரடியாக மாற்றினால் அந்தக் குழப்பமே உண்மையான எழுத்தாகப் பதிந்துவிடும். ஒரு சின்ன அட்டவணையின் நகலில் செய்து பாருங்கள்.

அது முடியும்வரை யாரையும் தமிழில் புதிதாகப் பதிய விடாதீர்கள். எங்கள் காசாளர் மறுநாள் காலையில் இரண்டு பேரைப் பதிந்துவிட்டார். இரண்டும் வெறும் கேள்விக்குறிகளாக விழுந்தன. அவற்றை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாமல், தொலைபேசி எண்ணைப் பார்த்து அழைத்து, "அண்ணே, உங்கட பேர் என்ன?" என்று நானே கேட்டு எழுதினேன்.