இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தடிமன் பாணியும் பனடோல் பாணியும் ஒன்றாகக் கொடுக்கலாமா? இரவில் எழுப்பியும் கொடுக்கவேணுமா?

ஒன்றாகக் கொடுக்காதீர்கள். முதலில் இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்து, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள். பாமசியில் தடிமனுக்கென்று தருகிற சில பாணிகளுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது, பனடோலும் அதேதான், ஆக ஒரே மருந்து இரண்டு தடவை போய்விடும்.

இதை நான் என் மகனில்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீடு. அன்றைக்கு அறுவடை, நானும் அவரும் வயலில், பிள்ளை அம்மம்மாவோடு. உடம்பு சுட்டதும் அம்மம்மா பனடோல் பாணி கொடுத்திருக்கிறா, பிறகு மூக்கு ஓடுதென்று தடிமன் பாணியும். பொழுதுபட வந்த நான் ஒன்றும் கேட்காமல் திரும்பவும் பனடோல் கொடுத்துவிட்டேன், அதுவும் தேத்தண்ணிக் கரண்டியால். இரவு எழுப்ப எழுப்ப அவன் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் போத்தல்களைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார், எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தடிமன் பாணியில் இருந்த, மூக்கு ஓடுவதை நிறுத்துகிற குளோர்பெனிரமின் என்ற மருந்துதான் அப்படி நித்திரையாக்கியது, பரசிற்றமோல் ஆபத்தான அளவுக்குப் போகவில்லை என்று அடுத்த நாள் சொன்னார்கள். அந்த இரவு எப்படிப் போனதென்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் அன்றன்றைக்கு மருந்து கொடுப்பது ஒரே ஆள். கொடுத்த நேரமும் அளவும் கலண்டரில் எழுதப்படும், அம்மம்மாவும் எழுதுவா.

பரசிற்றமோல் அளவு வயதைவிட நிறையைப் பார்த்துத்தான். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம் வரும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் அது 7.5 மில்லிலீற்றர், ஆனால் 250 மில்லிகிராம் உள்ள பாணியில் 3.6தான், அதனால் போத்தல் மாறினால் பழைய அளவை அப்படியே ஊற்றவேண்டாம். நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும், பழையதென்றால் மருத்துவமாதுவிடம் திரும்ப நிறுத்துப் பாருங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, பாமசியில் ஊசியில்லாத சிரிஞ் ஒன்று வாங்கி வையுங்கள்.

தடிமன் பாணி இந்த வயதுக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 இல் 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டாம் என்றது, பிரித்தானியாவில் 2009 இல் 6 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றார்கள். தடிமன் தானாக மாறும். மூக்குக்கு சேலைன் துளி, அடிக்கடி குடிக்க ஏதாவது, ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குக் கொஞ்சம் தேன் போதும். ஒரு வயதுக்கு முன் தேன் தொடவே கூடாது.

அப்புறம், மாரி மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்கவேணும். பரசிற்றமோல் தவிர வேறொன்றும் வேண்டாம்: இபுபுரோஃபன், அஸ்பிரின், பின்வழியாக வைக்கிற டைக்ளோஃபெனாக் குளிசை எதுவும். கேட்டாலே தருகிற இடங்கள் உண்டு, நீங்கள் வாங்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பயப்படவேண்டிய நேரம். பிள்ளை சோர்ந்து, வயிறு நொந்து, விடாமல் சத்தியெடுத்து, சலமும் குறைந்தால் உடனே கொண்டுபோங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம். மருந்து கூடிப்போயிற்றோ என்று சந்தேகம் வந்தாலும் போத்தலோடு உடனே போங்கள். பரசிற்றமோல் ஈரலைத் தாக்கினாலும் முதல் நாள் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே தெரியும், அதை முறிக்கிற மருந்தை 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம்.

இரவில் எழுப்பிக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் மருந்து பிள்ளையின் அலுப்பைக் குறைக்கத்தான். மூச்சு இயல்பாக வாங்கிக்கொண்டு, தொட்டால் அசைந்துகொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தால் எழுப்பவேண்டாம்.