ஜேசன் கீயை யாருக்கும் அனுப்பாதீர்கள்

கேள்வி: அலுவலகத்தில் கூகிள் குபர்நெட்டிஸ் எஞ்சினில் ஓடும் கிளஸ்டர்களை (சேர்ந்து இயங்கும் மெஷின் தொகுப்புகளை) பைத்தான் வழியாகப் பட்டியலிட வேண்டும். 'கூகிள்-கிளவுட்-கன்டெய்னர்' லைப்ரரியை இன்ஸ்டால் செய்து, கூகிளின் கமாண்ட் கருவியான ஜீகிளவுடில் லாகினும் செய்துவிட்டேன். டெர்மினலில் கிளஸ்டர்கள் வருகின்றன. என் புரோகிராமை ஓட்டினால் மட்டும் 'டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ் கிடைக்கவில்லை' என்று எர்ரர். ஆன்லைனில் பழக்கமான ஒருவர், சர்வீஸ் அக்கவுண்டின் (புரோகிராம்களுக்கான கூகிள் கணக்கின்) ஜேசன் கீயை, அதாவது சாவிக் கோப்பை அனுப்பினால் 3,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். உங்களிடம் விட்டுப்போனது ஒரே ஒரு கமாண்ட்.

'ஜீகிளவுட் ஆத் லாகின்' என்பது டெர்மினலில் நீங்கள் அடிக்கும் ஜீகிளவுட் கமாண்டுகளுக்கு மட்டும்தான். பைத்தான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கென்று தனியாக 'ஜீகிளவுட் ஆத் அப்ளிகேஷன்-டிஃபால்ட் லாகின்' இருக்கிறது. அடித்தால் பிரவுசர் திறக்கும். அனுமதி கொடுங்கள், போதும். ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர், இரண்டு லாகின்! இந்தப் பெயர்களை வைத்த புண்ணியவானால் எத்தனை பேர் லைப்ரரியை அழித்து அழித்து மறுபடி போடுகிறார்கள்.

சரி, அந்த ஜேசன் கீ. நீங்களாக நீக்கும்வரை அது பொதுவாகக் காலாவதி ஆவதில்லை. கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த அக்கவுண்ட். அதில் உரிமை இருந்தால் உங்கள் செலவில் மெஷின்களைத் திறந்து கிரிப்டோ மைனிங் ஓட்டலாம். இப்படிப்பட்டவர்கள் அடுத்து, "எடிட்டர் ரோல் கொடுத்துடுங்க சார், அப்பதான் வேலை ஆகும்" என்பார்கள். ரோல் என்றால் அக்கவுண்டுக்குக் கொடுக்கும் அனுமதி; எடிட்டர் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றலாம். பட்டியல் பார்க்க 'குபர்நெட்டிஸ் எஞ்சின் கிளஸ்டர் வியூவர்' ரோலே தாராளம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. புரோகிராமைக் கூகிளின் விர்ச்சுவல் மெஷினிலேயே ஓட்டினால் லாகினும் வேண்டாம், கீயும் வேண்டாம். மெஷினோடு இணைத்த சர்வீஸ் அக்கவுண்டை லைப்ரரி தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கே 'ஆக்சஸ் ஸ்கோப்' என்று இன்னொரு கதவு இருக்கிறது. மெஷின் உருவாக்கும்போது அதை டிஃபால்டில் விட்டிருந்தால், ரோல் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்ற 403 எர்ரர் வரும். ரோலை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. மெஷினை நிறுத்தி, ஸ்கோப்பில் எல்லா கிளவுட் ஏபிஐகளுக்கும் அனுமதி கொடுத்து, மறுபடி ஓடவிட வேண்டும். ரோல் என்ற ஒன்று இருக்கும்போது ஸ்கோப் எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் எரிச்சல்தான்.

பட்டியல் கேட்கும்போது லொகேஷன் இடத்தில் ஒரு ஹைஃபன் மட்டும் போடுங்கள், எல்லா ஊர்களும் வரும். மும்பையை மட்டும் கொடுத்துவிட்டு டெல்லி கிளஸ்டரைக் காணோம் என்று தேடவேண்டாம். கிளஸ்டருக்குள் புரோகிராம்கள் ஓடும் பாட்களைத் தொட இந்த லைப்ரரி உதவாது. அதற்குக் 'குபர்நெட்டிஸ்' என்ற தனி லைப்ரரி.

ஒருவேளை கீயை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், பாஸ்வேர்டை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. கன்சோலில் அந்த சர்வீஸ் அக்கவுண்டைத் திறந்து, 'கீஸ்' பகுதியில் அந்தக் கீயை இன்றே நீக்குங்கள். அப்படியே பில்லிங் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.