ரவுட்டர் திணறுகிறதா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

300 எம்பிபிஎஸ் பிளான். கேபிள் செருகிப் பார்த்தாலும் 140-ஐத் தாண்டவில்லையே? (அஸ்தம்பட்டி)

ரவுட்டர் அமைப்பில் க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று பிரிப்பது), பேரன்டல் கன்ட்ரோல், டிராஃபிக் கணக்கு மூன்றையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே ஐபி வழியாக வெளியே போவதால், ஒவ்வொரு பாக்கெட்டிலும் (டேட்டாவின் சிறு துண்டு) முகவரியையும் போர்ட் எண்ணையும் ரவுட்டர் மாற்றி எழுதியாக வேண்டும். இந்த வேலைக்குப் பெயர்தான் நாட் (NAT). 1500 பைட் பாக்கெட் என்றால் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு நொடிக்கு 25,000. ஹார்ட்வேர் நாட் இருந்தால் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் ப்ராசசர் பார்க்கும். மீதியைச் சிப்பே தள்ளிவிடும். மேலே சொன்ன மூன்றும் எல்லாப் பாக்கெட்டையும் பார்க்க வேண்டியவை. அதனால்தான் பல மாடல்களில் அவை ஓடும்போது இந்தக் குறுக்குவழி அடைபடுகிறது.

ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் அடிப்படையிலான இலவச ரவுட்டர் மென்பொருள்) போட்டிருந்தால் நெட்வொர்க், ஃபயர்வால் பக்கத்தில் சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை டிக் செய்யுங்கள். இதுவும் அதே மாதிரிக் குறுக்குவழிதான். எம்டி7621 சிப்புக்கு ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கும் உண்டு. எஸ்க்யூஎம்மோடு (நெரிசலில் தாமதத்தைக் குறைக்கும் வசதி) இதைச் சேர்க்காதீர்கள், இரண்டில் ஒன்றுதான். ப்ராசசர் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 50% ஐடில் (சும்மா இருக்கிறது) என்று காட்டினால் ஏமாறவும் வேண்டாம்: இரண்டு கோரில் ஒன்று முழுக்க நிரம்பியிருக்கலாம்.

வேகம் சரியாக 94-ல் நின்றால் ப்ராசசரைத் திட்டாதீர்கள். கேபிளின் 8 கம்பியில் ஒன்று பிடிக்காமல் லிங்க் 100-க்கு இறங்கியிருக்கும். கிரிம்ப்பை மாற்றுங்கள்.

ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்திருக்கிறேன். இரண்டு நாட் ஆகிவிட்டதாம். (ஏற்காடு ஹோம்ஸ்டே)

ஆமாம், ஒரே வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. உங்கள் ரவுட்டர் பழையது என்றால் அதை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் தரும் பெட்டி) ஆக்குங்கள்: டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி வழங்கும் வேலை) அணைத்து, ஐபியை 192.168.1.2 போல மோதாத ஒன்றாக வைத்து, கேபிளை வான் போர்ட்டில் அல்ல, லான் போர்ட்டில் செருகுங்கள். ரவுட்டர் வலுவானது என்றால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் டேட்டாவை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி நெட் கம்பெனியிடம் கேளுங்கள். பிபிபிஓஇ (நெட் கம்பெனியின் லாகின் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (லைனில் நெட்டுக்கான தடத்தின் எண்) மூன்றையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான். பலவீனமான ரவுட்டரோடு பிரிட்ஜ் போட்டால் பிபிபிஓஇ சுமையும் அதன் தலையில்தான் ஏறும்.

டொரன்ட் ஓடினால் பத்து நிமிடத்தில் யாருக்கும் நெட் இல்லை. வேகம் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். (சூரமங்கலம்)

வேகத்தை விடுங்கள், டொரன்ட் மென்பொருளில் இணைப்பு எண்ணிக்கையைக் குறையுங்கள். மொத்தம் 200 போதும். டிஹெச்டியை (டொரன்ட் தானாக மற்ற கணினிகளைத் தேடும் வசதி) அணைத்தும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ரவுட்டரின் கான்ட்ராக் டேபிளில் (இணைப்புகளின் பட்டியல்) ஒரு பதிவு. பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் கர்னலை அதன் போக்கில் விட்டால், நிலைபெற்ற டிசிபி இணைப்பின் பதிவை 4,32,000 நொடி, அதாவது 5 நாள் வைத்திருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி அதை 7,440 நொடி ஆக்கியிருக்கிறது. லாகில் ‘டேபிள் ஃபுல்’ என்று இருந்தால் இதுதான் வியாதி. டேபிளைப் பெரிதாக்கலாம், ஆனால் ராம் கரையும்.

ஐபிவி6 போட்டால் சுமை போய்விடுமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைப்பதால் முகவரி மாற்றும் வேலை போகும், ஃபயர்வால் வேலை போகாது. பழைய ஐபிவி4-ஐ மட்டும் ஆஃப்லோட் செய்யும் சிப் என்றால், ஐபிவி6 முழுக்க ப்ராசசர் தலையில் விழுந்து சுமை கூடவும் கூடும்.