1873 வின்செஸ்டர் நகல்: எந்தத் தோட்டாவில் வாங்குவது, எப்படிச் சுடுவது?

கேள்வி: டெக்சஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். கௌபாய் காமிக்ஸ் படித்த வயதிலிருந்தே லிவர் துப்பாக்கி (கீழே இருக்கும் லிவரை ஆட்டித் தோட்டா ஏற்றுவது) மேல் ஒரு கண். 1873 வின்செஸ்டரின் இத்தாலிய நகல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். .45 கோல்ட், .44-40, .357 என்று மூன்று தோட்டாக்களில் கிடைக்கிறது. எதை எடுப்பது? அந்தக் காலத்து அசலையே வாங்கிச் சுட முடியுமா? கௌபாய் போட்டிகளிலும் கலந்துகொள்ள ஆசை.

பதில்: தோட்டாவுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் விசா. கடைக்காரர் அந்தப் பேச்சை எடுக்கும்வரை நம்மவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. விலக்குகள் சில உண்டு. உங்களுக்குப் பயன்படக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலை உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் உண்டு. கடையில் 4473 என்ற படிவத்தில் இதையெல்லாம் கேட்பார்கள். அதில் பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

"கிரீன் கார்டு இருக்கிற நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது சிறைக்குப் போகும் குற்றம், இரண்டு பேருக்கும். உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியை மைதானத்தில் வாங்கிப் பிடிப்பதும் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். விசா போனால் வாழ்க்கையே போகும், துப்பாக்கி எங்கேயும் ஓடிவிடாது.

சரி, அது தெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1860 ஹென்றி, 1866, 1873 மூன்றும் ஒரே குடும்பம். ஹென்றி பதினாறு தோட்டா கொள்ளும், நிரப்புவது குழலுக்குக் கீழே தோட்டாக்கள் இருக்கும் குழாயின் முன்பக்கத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை நிரப்பினால் வாரம் முழுக்கச் சுடலாம் என்று உள்நாட்டுப் போரில் தெற்குப் படையினர் அலுத்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான். 1866-இல் நெல்சன் கிங் வலது பக்கம் ஒரு சிறு வாயில் வைத்தார், அன்றிலிருந்து பக்கவாட்டில் நிரப்புகிறோம். 1873-இல் இரும்புச் சட்டமும், நடுவில் ப்ரைமர் (ஊசி அடித்தால் மருந்தைப் பற்றவைப்பது) வைத்த .44-40 தோட்டாவும் சேர்ந்தன. உள்ளே இருக்கும் பூட்டு மட்டும் மூன்றிலும் ஒன்றே.

அந்தப் பூட்டை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ, கழற்றினால் இரண்டு பக்கத் தகடுகளும் கையோடு வந்துவிடும். உள்ளே இரண்டு ஜோடி இணைப்புகள், நம் முழங்கால் மாதிரி. லிவரைக் கீழே தள்ளினால் முழங்கால் மடங்கி போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் எஃகுத் துண்டு) பின்னே போகும். மூடினால் நிமிர்ந்து நேர்க்கோட்டில் நிற்கும். அந்த நிமிர்வுதான் வெடிப்பின் உதையைத் தாங்குகிறது. வேறு தாழ்ப்பாள் கிடையாது. கூடவே ஒரு பித்தளைக் கட்டி லிஃப்ட் மாதிரி நேர் மேலே ஏறி, தோட்டாவைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டு வந்து நிறுத்தும். முதல்முறை பார்க்கிறவர்கள் சுடுவதை மறந்துவிட்டு லிவரை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். நானும் இருந்தேன்.

அழகுதான், ஆனால் கருமருந்துக் காலத்தின் மெல்லிய அழுத்தத்துக்காகப் பிறந்த பூட்டு அது. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1886-இலும் 1892-இலும் போல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று தடுக்கும் எஃகுப் பூட்டுகளை வைத்தார். வலுவான தோட்டாதான் வேண்டும் என்றால் 1892 நகலுக்குப் போங்கள். 1873 என்றால் அதன் இயல்பை மதித்துத்தான் ஆக வேண்டும். இந்தத் துப்பாக்கி விஷயத்தில் தோட்டாவை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்ற முடிவுகள் தானாக வரிசையில் நிற்கும்.

.45 கோல்ட் கேட்க நன்றாக இருக்கும். இடுப்பில் ரிவால்வர், தோளில் ரைஃபிள், இரண்டுக்கும் ஒரே தோட்டா என்று. ஆனால் அந்தக் காலத்தில் எந்த வின்செஸ்டர் லிவர் ரைஃபிளும் .45 கோல்ட்டுக்கு வந்ததில்லை. தோட்டாவின் விளிம்பு அப்போது மிகச் சிறியது, பிடித்து இழுக்க வசதிப்படாது. இன்றைய நகலில் அது வேலை செய்கிறது, ஆனால் ஒரு தொல்லை. மருந்தை வைத்திருக்கும் பித்தளைக் கூட்டின் சுவர் தடிப்பு, அழுத்தமோ சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுக்குள். மெல்லிய அழுத்தத்தில் தடித்த கூடு விரிந்து அடைத்துக்கொள்ளாது. புகையும் கரியும் பின்னால் கசிந்து உள்ளே படியும், சிலசமயம் முகத்திலும் லேசாக ஊதும். அதைவிடப் பெரிய ஆபத்து கடை அலமாரியில் இருக்கிறது. "ரூகர் போன்ற துப்பாக்கிகளுக்கு மட்டும்" என்று அட்டையில் எழுதிய பலத்த .45 கோல்ட் தோட்டாக்களும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். 1873-இல் அவை நுழையும், வெடிக்கும், பூட்டின் முழங்காலை நசுக்கும்.

.44-40 தான் மரபுவழி வாரிசு. 40 கிரெய்ன் (தோட்டாக்காரர்களின் சின்ன எடை அளவு) கருமருந்து, 200 கிரெய்ன் குண்டு. மெல்லிய கழுத்து சட்டென்று விரிந்து அடைத்துக்கொள்வதால் கரி பின்னால் வருவதில்லை, கருமருந்தில் சுட இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது. வீட்டில் தோட்டா நிரப்பும்போது அந்த மெல்லிய கழுத்து கொஞ்சம் கோணினாலும் கசங்கிவிடும். பொறுமைசாலிகளின் தோட்டா.

முதல் துப்பாக்கி என்றால் என் யோசனை .357 மேக்னம். வாங்கிய பிறகு, அதிலேயே போகும் கொஞ்சம் குட்டையான .38 ஸ்பெஷல் சுடுங்கள். மலிவு, எங்கேயும் கிடைக்கும், உதை குறைவு. போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் இதுதான். .357-இன் அழுத்தம் 35,000 வரை போகும். அதற்கென்றே எஃகில் செய்து முத்திரை குத்திய நகல் தாங்கும் என்பது உண்மை, ஆனால் தினமும் ஊட்ட வேண்டிய உணவு அது இல்லை. பித்தளைச் சட்டம் வைத்த 1866 நகலில் .38 என்று பொறித்திருந்தால் .357 பக்கமே போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பித்தளை லிஃப்ட்டின் நீளம் மாறாது. தோட்டா நீண்டுவிட்டால் அதில் உட்காராது. ரொம்பக் குட்டையாக இருந்தால் குழாயிலிருந்து அடுத்த தோட்டா கொஞ்சம் எட்டிப் பார்க்கும், லிஃப்ட் பாதியில் நின்றுவிடும். .38-ஐ 1.45 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட வைத்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மூன்று வகை பெட்டிகள் வாங்கிப் பாருங்கள், எது பிடிக்கும் என்று துப்பாக்கியே சொல்லும்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது பெரும்பாலும் உபெர்ட்டியாக இருக்கும். 1959-இல் ஆல்டோ உபெர்ட்டி தொடங்கிய நிறுவனம், இன்று பெரெட்டாவின் கையில். வடக்கு இத்தாலியில் வால் ட்ரோம்பியா என்ற பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிதான் தொழில். அமெரிக்காவில் சிமரான், டெய்லர்ஸ் பெயர்களிலும் அதே துப்பாக்கி வரும். டெய்லர்ஸ் இருப்பது வர்ஜீனியாவில் வின்செஸ்டர் என்ற ஊரில். வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை, அசல் தொழிற்சாலை கனெக்டிகட்டில் இருந்தது. இன்று வின்செஸ்டர் பெயரிலேயே வரும் 1873-ஐச் செய்வது ஜப்பானின் மிரோக்கு. வேலைப்பாடு நேர்த்தி, விலையும் அப்படியே.

20 அங்குலக் குழல் போதும். போட்டியில் ரைஃபிளுக்கு வழக்கமாகப் பத்துத் தோட்டாதான். பின்கட்டையைக் கவனியுங்கள். பிறை மாதிரி வளைந்த எஃகுத் தகடு வைத்த மாடல் படத்தில் அழகு, தோள்குழியில் வைத்துச் சுட்டால் இரண்டு முனையும் குத்தும். அதைத் தோளுக்கு வெளியே, புஜத்தின் மேல் பொருத்திப் பிடிக்க வேண்டும். அது பழகாது என்றால் தட்டையான தகடு வைத்த கார்பைன் (குட்டை ரைஃபிள்) எடுங்கள்.

பழையது வாங்கினால் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மோதிரம் போல ஒரு நிழல் வளையம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், குழல் உள்ளே உப்பியிருக்கிறது என்று அர்த்தம். விற்பவரிடம் சுட்ட கூடுகள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ப்ரைமர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பூட்டு தேய்ந்திருக்கலாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். இத்தாலியத் துப்பாக்கியில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள் செய்த வருடத்தைச் சொல்லும். 'பி.என்.' என்ற முத்திரை கருமருந்துக்கு மட்டும் சோதித்தது, 'பி.எஸ்.எஃப்.' புகையில்லா மருந்துக்குச் சோதித்தது.

அசலை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1898 வரை செய்தவை கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள், 4473 தேவையில்லை. அதே தோட்டாவைச் சுடும் புது நகலுக்குத் தேவை. வேடிக்கைதான். ஆனால் தோட்டாவுக்கு அந்தச் சலுகை இல்லை, உங்கள் விசாவில் அது அப்படியே சிக்கல். சுடுவதற்கும் அசலைப் பரிந்துரைக்க மாட்டேன். நூற்றிருபது, நூற்றைம்பது வருட இரும்பு. மெக்கானிக் பார்த்துச் சரி என்றாலும் கருமருந்து மட்டும்தான்.

இனி மைதானம். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் ப்ரைமரை முட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூக்கு தட்டையான குண்டு மட்டும். கூர்மூக்கு வேண்டவே வேண்டாம். போட்டிகளில் வெறும் ஈயக் குண்டுதான் அனுமதி, ரைஃபிள் குண்டின் வேகம் நொடிக்கு 1,400 அடியைத் தாண்டக் கூடாது. இலக்கு எஃகுத் தகடு, தெறிக்கும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் பக்கத்தில் நிற்கக்கூட விட மாட்டார்கள்.

வாயிலின் விளிம்பு கூர்மை. ஐம்பது தோட்டா தள்ளியதும் கட்டைவிரல் தோல் கிழியும். ஒவ்வொன்றையும் முழுசாக உள்ளே தள்ளாமல், அடுத்த தோட்டாவால் முந்தையதைத் தள்ளுங்கள், விரல் தப்பிக்கும். லிவரைத் தயங்காமல் கடைசிவரை தள்ளி, கடைசிவரை மூடுங்கள். பாதித் தயக்கம்தான் முக்கால்வாசி அடைப்புக்குக் காரணம். குழலின் பின்முனை அறையில் தோட்டாவை வைத்துக்கொண்டு சுத்தியலை முழுசாக இறக்கி வைக்காதீர்கள், ஊசி ப்ரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

'டப்' என்று வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மருந்து குறைந்த தோட்டாவாக இருக்கலாம், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். வேகத்தில் அடுத்ததைச் சுட்டால் மேலே சொன்ன மோதிரம் உங்கள் குழலில் விழும். எனக்கு ஒருமுறை நடந்தது. அரை நொடி சந்தேகம் வந்து லிவரைத் திறந்து பார்த்தேன், குச்சியை விட்டால் பாதி வழியில் முட்டியது. நானே நிரப்பிய தோட்டா, மருந்து போட மறந்திருந்தேன். ப்ரைமர் மட்டும் குண்டைத் தள்ளியிருக்கிறது.

சுட்டு முடித்ததும் லிவரை ஆட்டி எல்லாத் தோட்டாவையும் வெளியேற்றினாலும் குழாயில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கலாம். லிஃப்ட்டை இறக்கி, குழாயின் ஃபாலோயர் (தோட்டாக்களைப் பின்னே தள்ளும் அடைப்பு) கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாதவரை அது நிரம்பிய துப்பாக்கிதான்.

கருமருந்தில் சுட்டால் அன்று இரவே கழுவ வேண்டும். அதன் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், டெக்சஸ் கடற்கரைப் பக்கம் என்றால் மறுநாளே துரு. வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும், பிறகு நன்றாகத் துடைத்து எண்ணெய். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதும் மறக்கக் கூடாது, ஈயம்.

போட்டி ஆசைக்கு ஒரு கணக்கு. கௌபாய் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின்படி ரைஃபிளோடு முடியாது. ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள், ஒரு பழைய பாணி ஷாட்கன், உடை, தோல் இடுப்புவார் எல்லாம் வேண்டும். கடையில் ரிவால்வர் வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆளுக்கொரு புனைப்பெயரும் பதிவு செய்ய வேண்டும், ஏற்கெனவே ஒருவர் எடுத்த பெயர் கிடைக்காது. நல்ல ஆங்கிலப் பெயரெல்லாம் போய்விட்டது. தமிழில் யோசித்தால் இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது.